புதிய லீஸ்டு லைனுக்குக் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

நிறுவனத்துக்காக வாங்கிய லீஸ்டு லைனை, அதாவது நமக்கென்றே ஒதுக்கி வாடகைக்குத் தரப்படும் தரவு இணைப்பை, பொருத்தி முடித்ததும், சேவை வழங்குநரின் பொறியாளர் ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த நாளிலிருந்தே கட்டணம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே லைனை நாமே சோதித்துவிட வேண்டும். இதற்கு ஒரு மடிக்கணினி, பழுதில்லாத ஈதர்நெட் கேபிள், வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்னும் இலவச மென்பொருள் ஆகியவை போதும்.

முதல் படி, ஆர்டர் தாளைக் கையில் எடுத்துக்கொள்வது. பதிவிறக்க, பதிவேற்ற வேகங்கள், தாமதம், பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பின் வரம்பு, இயங்குநேர உறுதி ஆகியவற்றை அதிலிருந்து தனியே குறித்துக்கொள்ளுங்கள். இயங்குநேரம் 99.9 சதவீதம் என்றால், 30 நாள் கொண்ட மாதத்தில் லைன் 43 நிமிடம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்றே பொருள், 99.99 சதவீதம் என்றால் அது 4 நிமிடத்தைச் சற்றே தாண்டும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் இந்தத் தாளில் இல்லையென்றால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது படியில், வழங்குநர் வைத்துச் சென்ற கருவியின் போர்ட்டில் மடிக்கணினியை நேரடியாக இணைத்து, அவர்கள் கொடுத்த ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளியே செல்லும் வாயிலாக உள்ள கருவியின் முகவரி) மூன்றையும் பதியுங்கள். ஃபயர்வால் என்னும் பாதுகாப்புக் கருவியோ வைஃபையோ இடையில் இருந்தால், குறை யாருடையது என்ற வாதம் முடிவே இல்லாமல் நீளும். இணைத்தவுடன் போர்ட்டின் வேகத்தையும் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு செல்வது) என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறை 1 ஜிகாபிட் லைனில் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவேயில்லை என்று அரை நாள் வழங்குநரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், நான் கொண்டுபோயிருந்த கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்து, போர்ட் 100 மெகாபிட்டில் நின்றிருந்தது.

மூன்றாவது படி பிங், அதாவது சிறு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது. முதலில் கேட்வேக்கும், பிறகு மறுமுனைக் கிளைக்கும் ஆயிரம் பாக்கெட்டுகளாவது அனுப்புங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 1,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 10 மில்லி விநாடியாவது ஆகும். அதைக் குறைக்க யாராலும் முடியாது. அந்தத் தொலைவுக்கு 14 வந்தால் மகிழ்ச்சி. 45 வந்தால், போக்குவரத்து எங்கோ சுற்றிக்கொண்டு போகிறதா என்று கேளுங்கள். சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், ஏனெனில் தொலைபேசி உரையாடலை வெட்டி வெட்டிக் கேட்கச் செய்வது தாமதத்தின் ஏற்ற இறக்கம்தான். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவுடன் 1,472 பைட் அளவில் ஒரு பிங்கும் அனுப்பிப் பாருங்கள். பாக்கெட்டின் முன்னே சேரும் முகவரி போன்ற தகவல்களான தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து அது 1,500 ஆகும். அது போய்ச் சேராத லைனில், சிறிய பக்கங்கள் திறந்தும் பெரிய கோப்புகள் பாதியில் தொங்கியும் நிற்கக்கூடும்.

நான்காவது படியான வேகச் சோதனையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேகம் காட்டும் இணையதளங்கள், அந்தச் சர்வரின் அப்போதைய சுமையையும் சேர்த்தே அளப்பதால், அவை ஆதாரமாகா. மறுமுனையில் ஐபெர்ஃப்3-ஐ சர்வராக இயக்கி, 5201 என்ற எண்ணுள்ள மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்து, இந்த முனையிலிருந்து இணையுங்கள். ஒரே டிசிபி இணைப்பை (அனுப்பியதற்கு ஒப்புகை பெற்று நடக்கும் தரவுப் பரிமாற்றத்தை) நம்பக் கூடாது: 64 கிலோபைட் விண்டோவும் (ஒப்புகை வரும் முன் அனுப்பக்கூடிய அளவு) 50 மில்லி விநாடித் தாமதமும் இருந்தால், லைன் எவ்வளவு பெரியதானாலும் அந்த ஓர் இணைப்பு 10 மெகாபிட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். இன்றைய இயங்குதளங்கள் விண்டோவைத் தாமாகவே பெரிதாக்கிக்கொள்ளும். ஆனாலும் எட்டுப் பத்து இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டி, பிறகு திசையை மாற்றி மீண்டும் ஓட்டுவதே முறை. 1 ஜிகாபிட் லைனில் 940 மெகாபிட் வந்தால் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். 1,500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியில் 1,538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது, தலைப்புகள் போக எஞ்சுவதையே மென்பொருள் காட்டுகிறது. கோப்பு நகலெடுக்கும்போது திரையில் தெரிவது மெகாபைட் கணக்கு என்பதால், 100 மெகாபிட் அங்கே அதிகபட்சம் 12.5 ஆகத்தான் தெரியும்.

அடுத்து, பிங்கை நேரக் குறிப்புடன் 24 மணி நேரம் ஓடவிட்டு, வேலை நேரத்தில் இழப்பு கூடுகிறதா என்று பாருங்கள். மாற்று லைனும் வாங்கியிருந்தால், முதல் லைனின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவதற்கு மாற எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு லைன்களின் பாதை வரைபடங்களையும் கேட்டு வாங்குவது இதைவிட முக்கியம்: வழங்குநர்கள் வேறுவேறானாலும் இரண்டு கேபிள்களும் ஒரே குழாயில் ஓடினால், மண்வாரி இயந்திரத்தின் ஒரே வெட்டில் இரண்டும் போய்விடும்.

கிடைத்த எண்களைத் தேதி, நேரத்துடன் ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். வரம்பை மீறிய ஏதாவது இருந்தால், அதைச் சரிசெய்யும் நாளைப் பொறியாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்டு, மறுசோதனை முடியும்வரை கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.