பார்வை மங்கிய பின்னரும் கமராவைக் கையாளும் முறை

இனிக் கண்ணாடியால் திருத்த முடியாது என்று கண் வைத்தியர் சொன்ன நாளில் கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்களில் நானும் ஒருவன். ஸ்லொவேனியாவில் 1946 ஆம் ஆண்டு பிறந்த எவ்கென் பாவ்சார், சிறுவனாக இருந்தபோதே இரு கண்களின் பார்வையையும் இழந்து, அதன் பின்னரே கமராவைக் கையில் எடுத்து உலகறிந்த ஒளிப்படக் கலைஞரானவர் என்பதை அறிந்த பின்னர்தான் அந்தப் பூட்டைத் திறந்தேன்.

உங்கள் பார்வையில் எந்தப் பகுதி எஞ்சியிருக்கிறது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். கண் நரம்பைத் தாக்கும் குளுக்கோமாவும், பரம்பரை விழித்திரை நோயான ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசாவும் பெரும்பாலும் ஓரப் பார்வையை முதலில் பறிக்கின்றன. விழித்திரையின் நடுப்பகுதியைத் தாக்கும் மக்குலாச் சிதைவு நடுப்பார்வையைக் கெடுக்கின்றது. நீரிழிவினால் வரும் விழித்திரை நோய் திட்டுத் திட்டாக மறைக்கக்கூடும். ஓரப் பார்வை போனவருக்குக் கண்ணோடு வைத்துப் பார்க்கும் மின்னணுப் பார்வைத்துளை உதவும். நடுப்பார்வை போனவர் பெரிய திரையுள்ள கருவியையே நாட வேண்டும்.

ஆயினும் எந்தத் திரையிலும் கூர்மையைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள். கூர்மையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடலாம். முழுச்சட்டக் கமராவில் (35 மில்லிமீற்றர் படச்சுருள் அளவு உணரி உள்ளது) 28 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, ஒளி புகும் துளையை எஃப் 8 இல் வைத்து, 3.3 மீற்றர் தூரத்துக்குக் கூர்மையைப் பூட்டினால், ஏறத்தாழ 1.7 மீற்றரிலிருந்து தொடுவானம் வரை யாவும் ஏற்கத்தக்க தெளிவுடன் விழும். தூர அளவு பொறிக்கப்பட்ட பழைய கைமுறை வில்லை இதற்கு மிகவும் உகந்தது. வளையத்தில் அந்த இடம் வரும் கோட்டின் மேல் நகப்பூச்சை ஒரு துளி தடிப்பாக இட்டுக் காயவிட்டால் விரலே அதைக் கண்டுகொள்ளும். அளவு பொறிக்கப்படாத வில்லை என்றால், வீட்டு முற்றத்தில் ஒருவரை அந்தத் தூரத்தில் நிறுத்தித் தானியங்கி முறையில் கூர்மையாக்கி, உடனே கைமுறைக்கு மாற்றி, வளையம் அசையாதபடி ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைச் செக்கனில் 500 இல் ஒரு பங்கு என வைத்து, ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைக் கமராவின் பொறுப்பில் விட்டால், காலை வெளிச்சத்திலிருந்து உச்சி வெய்யில் வரை அநேகமாக எதையும் தொடத் தேவையில்லை.

ஆளை அண்மையில் நின்று எடுப்பதற்கு ஒரு நூல் போதும். கமராப் பட்டியில் இரண்டு மீற்றர் நூலைக் கட்டி, மறுமுனையை எதிரே நிற்பவரின் கையில் கொடுத்து, நூல் இறுகும் வரை பின்னால் நகர்ந்து, அவர் அதை விட்ட பின்னர் எடுங்கள். சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பும் படத்துக்கு நல்லதே.

திசையைக் காதுகளிடம் ஒப்படையுங்கள். கமராவின் பின்புறத்தை மூக்கோடும் கன்னத்தோடும் ஒட்டி வைத்து, எதிரே நிற்பவரைக் கதைத்துக்கொண்டிருக்கச் சொல்லி, அவருடைய குரல் இரு காதுகளிலும் ஒரே அளவாகக் கேட்கும் வரை தலையைத் திருப்பினால், வில்லையும் அவரையே நோக்கும். குரல் வாயின் உயரத்திலிருந்து வருவதால், உடலும் படத்தில் வேண்டுமென்றால் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றப்படும் பட்டங்களில் காற்றில் ஒலியெழுப்பும் விண் கட்டிய பட்டம் ஒன்று தலைக்கு மேல் கூவும்போது, அதைத் தேடி எடுப்பதில் பார்வையுள்ளவருக்கு நம்மை விடப் பெரிய வசதி ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். சந்தையிலோ ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே மீன் விற்பவர் ஒருவரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதே நல்லது.

வெளிச்சத்தைத் தோலால் அறியலாம். பிடரியில் வெய்யில் சுட்டால் எதிரே உள்ள முகம் ஒளியில் இருக்கிறது. நெற்றியில் சுட்டால் அந்த முகம் நிழலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தில் காலை ஏழு மணியளவில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும்; நண்பகலில் கடல்நீரின் கூச்சம் எஞ்சிய பார்வையையும் அடித்துவிடும்.

கைத்தொலைபேசியால் எடுப்பவர்கள் திரையைக் குரலில் வாசிக்கும் ஐபோனின் வொய்ஸ்ஓவரை இயக்கிக் கமராவைத் திறந்தால், படச்சட்டத்துக்குள் எத்தனை முகங்கள் உள்ளன என்பதை அது குரலில் சொல்லும். கூகுள் 2022 இல் பிக்சல் 7 கைத்தொலைபேசியுடன் கொண்டுவந்த 'வழிகாட்டும் சட்டம்' (Guided Frame) என்ற வசதியும், முகத்தைப் படத்துக்குள் கொண்டுவர எப்பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்கிறது.

படம் எடுக்கத் தடை என்ற பலகையை நம்மால் வாசிக்க முடியாது என்பதையும் மறக்கலாகாது. படை முகாம்களின் அருகிலும், நல்லூர் போன்ற கோயில்களின் உள்வீதிக்குள்ளும், துணைக்கு வருபவரிடம் கேட்காமல் கமராவை உயர்த்தாதீர்கள். வெள்ளைப் பிரம்பை மடித்துப் பைக்குள் ஒளிக்காமல் கையில் வைத்திருந்தால், அயலில் நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை பாதியாகக் குறையும்.

எடுத்தவற்றைத் தெரிவு செய்வதுதான் எனக்கு இன்றும் கடினமான வேலை. வீட்டாரிடம் காட்டினால் "வடிவாயிருக்கு" என்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. நான்கு மூலைகளிலும் என்ன இருக்கிறது, தலை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது, மிக வெளிச்சமான இடம் எது, கண் முதலில் எங்கே போகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே படத்தை இரண்டு பேரிடம் கேட்டு, இருவரும் வேறு வேறாகச் சொல்லும் படத்தை அழிக்காமல் வையுங்கள். ஓரளவு பார்வை உள்ளவர்கள் 12க்கு 18 அங்குல அளவில், பளபளப்பற்ற தாளில் அச்சிட்டு, யன்னலோரம் பக்கவாட்டாக ஒளி விழும்படி பிடித்துத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.