80,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினில் கேம் டிரைவை மாற்றினேன்
என் பழைய வி-ட்வின் பைக் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியபோது, கேம் கவர் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் மூடி) பக்கம் மெல்லிய கரகர சத்தம் கேட்டது. கவரைத் திறந்ததும் நெஞ்சு பக்கென்றது. கேமைச் சுழற்றும் செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரின் பிளாஸ்டிக் ஷூவில் அந்தச் செயின் ஆழமாகப் பள்ளம் போட்டிருந்தது. ஓரம் பொடிந்து விரலில் ஒட்டியது. இந்தத் துகள்தான் ஆபத்து. ஆயில் பம்பைக் கீறிவிடும், கூடுதல் ஆயில் அழுத்தத்தை வெளியேற்றும் பிரஷர் ரிலீஃப் வால்வைத் திறந்தபடியே சிக்கவைக்கும். அப்புறம் ஆயில் அழுத்தம் சரிந்துவிடும்.

செயினுக்குப் பதில் பற்சக்கரங்களால் கேமைச் சுழற்றும் கியர் டிரைவ் போடத்தான் ஆசை. ஆனால் அதற்குக் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முனை ஆட்டமில்லாமல் சுழல வேண்டும். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 0.004 அங்குலம் காட்டியது. கியருக்கு அது அதிகம். சரி என்று, ஆயில் அழுத்தத்தால் செயினைப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் பிளேட், ரோலர் செயின், புது ஆயில் பம்ப் மூன்றையும் செட்டாகவே வாங்கினேன். உள் கேம் பேரிங்குகளையும் மாற்றினேன். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு அதை விட்டுவைப்பது தப்பு.

பம்பைப் பொருத்தும்போது மட்டும் அவசரமே கூடாது. போல்ட்டுகளை லேசாக மாட்டி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி, பம்ப் தானாக மையத்தில் அமர்ந்த பிறகே இறுக்கினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் பிரஷர் கேஜின் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டேன். பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். கரகர சத்தம் இல்லை.