வீட்ல கரண்ட் போனா போனுக்கு மெசேஜ் வர வைக்கிறது எப்படி

போன மழை சீசன்ல ஊருக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்து கதவத் தொறந்தா ஒரே மீன் நாத்தம். தெருவுல எல்லா வீட்லயும் கரண்ட் இருந்திருக்கு, எங்க வீட்ல மட்டும் இடிக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற ஸ்விட்ச்) ட்ரிப் ஆகி பிரிட்ஜ் நின்னு போச்சு. இத்தனைக்கும் ராஸ்பெரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல, வீட்டு சாமான்கள கவனிக்கிற ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர் ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா அது இன்வெர்ட்டர் லைன்ல இருந்ததால பேட்டரி தீர்ற வரைக்கும் அதுக்கு கரண்ட் போனதே தெரியல.

விஷயம் இவ்ளோதான்: காவல் காக்குறது இன்வெர்ட்டர்ல இருக்கணும், அது பாக்குற பொருள் நேரடி ஈபி லைன்ல இருக்கணும். பை, ரவுட்டர், ஃபைபர் பாக்ஸ் மூணும் இன்வெர்ட்டருக்கு வந்தாகணும், ஒண்ணு விட்டாலும் மெசேஜ் வெளிய போகாது.

சுலபமான வழி, இன்வெர்ட்டர்ல சேராத வாஷிங் மிஷின் பாயின்ட்ல ஒரு ஸ்மார்ட் ப்ளக்க மாட்டி, அது "அன்அவைலபிள்"னு ஒரு நிமிஷம் காட்டினா மெசேஜ் அனுப்புன்னு ஹோம் அசிஸ்டன்ட்ல ஆட்டோமேஷன் போடுறது. ஆனா வைஃபை லேசா மக்கர் பண்ணாலே ராத்திரி ரெண்டு மணிக்கு "கரண்ட் போச்சு"ன்னு எழுப்பிவிடும், நான் ஒரு வாரத்துல கழட்டிட்டேன்.

இப்ப இருக்கறது வேற செட்டப். ஒரு ஈஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள சின்ன சர்க்யூட் போர்டு) இன்வெர்ட்டர்ல, ஒரு பழைய போன் சார்ஜர் ஈபி பாயின்ட்ல. சார்ஜர் கேபிள வெட்டி சிவப்பு, கருப்பு வயர மட்டும் எடுத்துக்கங்க. சிவப்புக்கும் போர்டோட டி5 பின்னுக்கும் நடுவுல 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர், பின்னுக்கும் கருப்புக்கும் நடுவுல 20கே, கருப்ப போர்டோட கிரவுண்ட்ல சேத்துடுங்க. 5 வோல்ட் 3.3 வோல்ட்டா இறங்கி வரும், நேரா 5 வோல்ட்ட குடுத்து ஒரு போர்ட நான் ஏற்கனவே சாகடிச்சாச்சு. ரெண்டு பக்கமும் டைப் சி இருக்கற சார்ஜர் வேணாம், எதிர்ல போன் இருக்குன்னு தெரியாம அது 5 வோல்ட்டே விடாது. கரண்ட் போனாலும் சார்ஜர் உள்ள இருக்கற கெபாசிட்டர் சில செகண்ட் உயிரப் பிடிச்சிட்டு இருக்கும், சிவப்பு கருப்புக்கு குறுக்க ஒரு 1கே போட்டா சீக்கிரம் இறங்கிடும்.

இந்த போர்ட ஹோம் அசிஸ்டன்ட்டோட சேக்குற ஈஎஸ்பிஹோம்ல அந்தப் பின்ன பைனரி சென்சாரா (ஆன், ஆஃப் மட்டும் சொல்றது) போட்டு, 5 செகண்ட் டிலே வச்சிடுங்க, கண் சிமிட்டற கரண்ட்டுக்கெல்லாம் மெசேஜ் வராது. அது ஆஃப் ஆனா மெசேஜ் அனுப்புன்னு ஹோம் அசிஸ்டன்ட்ல ஆட்டோமேஷன் போட்டுடுங்க. த்ரீ பேஸ் வீடுன்னா பேஸுக்கு ஒரு சார்ஜர், டி5, டி6, டி7. எந்த பாயின்ட் எந்த பேஸ்னு ஒவ்வொரு பேஸோட எம்சிபியையும் (மெயின் போர்டுல இருக்கற ஸ்விட்ச்) ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும், மெயின் போர்டத் தொறந்து கை வைக்காதீங்க.

இன்னொரு ஓட்டை இருக்கு. தெருமுனைல இருக்கற நெட் பாக்ஸுக்கு பேக்கப் இல்லாட்டி கரண்ட்டோட நெட்டும் போயிடும், அப்ப வீட்லேர்ந்து எதுவும் கிளம்பாது. அதனால ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒரு வெளி சர்வீஸுக்கு ஹோம் அசிஸ்டன்ட் 5 நிமிஷத்துக்கு ஒருதடவ "உயிரோட இருக்கேன்"னு சொல்லிட்டே இருக்கட்டும், 15 நிமிஷம் சத்தமில்லன்னா அங்கேர்ந்து மெயில் வரும்.

எல்லாம் முடிஞ்சதும் மெயின ஆஃப் பண்ணிட்டு, போன் வைஃபைய அணைச்சு மொபைல் டேட்டால வச்சுப் பாருங்க. வீட்ல யாராவது மிக்ஸி ஓட்டிட்டு இருக்கும்போது மட்டும் வேணாம்.