காரில் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால்: சர்வீஸ் சென்டரை எப்படிக் கையாள்வது?

பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மதுரையிலிருந்து ஒரே மூச்சில் வந்த வண்டி, கோயில் பக்கம் 20 நிமிடம் வெயிலில் நின்றிருந்தது. குன்றக்குடிக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடைக்காக வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின் சீட்டிலிருந்து ஆத்தா, "இப்பத்தானப்பா பிள்ளையாருக்குச் செதறுகாய் போட்டுட்டு வர்றோம்" என்றார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

அது மூன்றாவது தடவை. அதற்கு முன்பே இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோயிருந்தேன், பிறகும் இரண்டு முறை போனேன். ஒருமுறை ஃப்யூவல் ஃபில்டர் மாற்றினார்கள், ஒருமுறை ஸ்பார்க் பிளக், ஒருமுறை பேட்டரி, ஒருமுறை த்ராட்டில் பாடி கிளீனிங். நான்கு முறையும் வண்டியைத் திருப்பித் தரும்போது ஒரே வசனம்: "வண்டி நல்லாத்தான் சார் ஓடுது." ஐந்தாவது முறைதான் தீர்ந்தது. அங்கே இருந்தவர்கள் அதே ஆட்கள். நான் போன விதம்தான் வேறு. கார் வாங்கிப் புதிதாக இந்தச் சுழலில் மாட்டியவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

பற்று வரவு எழுதியே பேர் வாங்கிய செட்டிநாட்டுப் பகுதி இது. காருக்கு ஒரு நோட்டுப் போடுவது நமக்கெல்லாம் பெரிய காரியமில்லை. டேஷ்போர்டு அறைக்குள் 40 பக்க நோட்டும் பேனாவும் கிடக்கட்டும். கோளாறு வந்த அன்றே எழுத வேண்டியவை: தேதி, நேரம், ஓடோமீட்டர் கிலோமீட்டர், அதற்கு முன் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, ஏசி ஓடியதா, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எப்படிச் சரியானது. என் நோட்டிலிருந்து மூன்று பதிவுகள்:

மார்ச் 9, மதியம் 1.40. 31,240 கி.மீ. மதுரையிலிருந்து ஓட்டம் 75 கி.மீ. பிள்ளையார்பட்டியில் நிறுத்தம் 20 நிமிடம். கிளம்பி 3 கி.மீ.க்குள் அணைந்தது. 15 நிமிடத்தில் சரி.

ஏப்ரல் 2, மதியம் 3.10. 32,115 கி.மீ. திருச்சியிலிருந்து ஓட்டம் 55 கி.மீ. புதுக்கோட்டையில் சாப்பாடு, நிறுத்தம் 25 நிமிடம். கிளம்பி 5 கி.மீ.யில் அணைந்தது. 20 நிமிடத்தில் சரி.

ஏப்ரல் 19, மதியம் 12.30. 32,690 கி.மீ. சிவகங்கையிலிருந்து ஓட்டம் 45 கி.மீ. வீட்டு வாசலில் நிறுத்தம் 15 நிமிடம். தெருமுனையில் அணைந்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தபோதுதான் உறைத்தது. காலையில் ஒருநாளும் வரவில்லை. நீண்ட ஓட்டம், சிறு நிறுத்தம், மறுபடி கிளப்பல், அப்போது மட்டும்தான். எஞ்சின் ஓடும்போது கூலண்ட் சுற்றுகிறது, எதிர்க்காற்றும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். எஞ்சினில் தேங்கிய சூடு பக்கத்திலிருக்கும் வயர், சென்சார் எல்லாவற்றிலும் ஏறும். அதாவது பானட்டுக்குள் ஓடும் நேரத்தைவிட, நிறுத்திய முதல் அரைமணி நேரத்தில்தான் சில பாகங்கள் அதிகம் வேகின்றன. சித்திரை வெயில் வேறு.

படி 2: வீடியோ எடுங்கள், ஆனால் ஓரங்கட்டிய பிறகு

முதலில் ஹஸார்ட் விளக்கைப் போட்டு வண்டியை ரோட்டை விட்டு இறக்குங்கள். அப்புறம்தான் போன். ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். டேஷ்போர்டு முழுவதும் தெரிய வேண்டும், செல்ஃப் அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

எடுத்த வீடியோவைக் காரைக்குடியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, செல்ஃப் அடிக்கையில ஆர்பிஎம் முள்ளு ஆடவே இல்ல பாத்தீங்களா?" என்றார். நான் நான்கு மாதமாகப் பார்க்காததை அவர் நாற்பது நொடியில் பார்த்துவிட்டார். ஆர்பிஎம் என்பது எஞ்சின் சுற்றும் வேகம்; செல்ஃப் அடித்து எஞ்சின் சுற்றும்போது முள் கொஞ்சமாவது எழும்ப வேண்டும். அடியோடு படுத்துக் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் க்ராங்க் சென்சார் மீது சந்தேகம் போகும். அந்தத் தகவல் வராவிட்டால் எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சூடேறினால் வேலைநிறுத்தம் செய்து, ஆறினால் வேலைக்கு வருவது இந்த சென்சாரின் பழைய குணம்.

படி 3: எரர் கோடை அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சிறிய ப்ளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் கிடைக்கிறது; வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை, அதாவது எரர் கோடை, போன் ஆப்பில் படிக்கலாம். உதாரணத்துக்கு, பி0335 என்றால் க்ராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட் என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சாராக இருக்கலாம், வயராக இருக்கலாம், கனெக்டராகவும் இருக்கலாம். கோடைப் பார்த்ததும் பாகத்தை வாங்கிவிடக் கூடாது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'க்ளியர்' பட்டனைத் தொடாதீர்கள். "பேட்டரிய ஒரு தடவ கழட்டி மாட்டுங்க, சரியாயிரும்" என்று யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. பல வண்டிகளில் அப்படிச் செய்தால் பதிவான கோடு அழிந்துவிடும். கோளாறு இருக்கும், சாட்சி மட்டும் போய்விடும்.

படி 4: ஜாப் கார்டு

இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர், புகாரைப் பதியும் தாளான ஜாப் கார்டில் நீங்கள் சொல்வதைச் சுருக்கி "ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம்" என்று இரண்டு வார்த்தையில் அடித்துவிடுவார். உள்ளே வேலை பார்க்கும் டெக்னீஷியன் உங்களைப் பார்ப்பதில்லை, அந்த இரண்டு வார்த்தையைத்தான் பார்க்கிறார். காலையில் ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார், ஆகிறது. அவர்மேல் என்ன குற்றம்?

நான் ஐந்தாவது முறை எழுதவைத்தது இது: "40 கி.மீ.க்கு மேல் ஓடி, 15 முதல் 25 நிமிடம் நிறுத்தி, மறுபடி எடுத்தால் 5 கி.மீ.க்குள் எஞ்சின் அணைகிறது. அப்போது செல்ஃப் அடித்தால் ஆர்பிஎம் முள் எழவில்லை. ஆறியதும் சரியாகிறது. இதே புகாருக்கு இது ஐந்தாவது வருகை." முந்தைய நான்கு ஜாப் கார்டு எண்களையும் சேர்க்கச் சொன்னேன். 'ரிப்பீட் கம்ப்ளைன்ட்' என்று குறிக்கவும் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அட்வைசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அறிகுறியைச் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "க்ராங்க் சென்சார் மாத்துங்க" என்று நீங்களே சொன்னால், மாற்றிவிட்டு பில் போடுவார்கள். தீராவிட்டால் "நீங்கதான சார் கேட்டீங்க" என்பார்கள். சென்சாரையும் அதன் வயரிங்கையும் சூடான நிலையில் சோதித்துப் பார்க்கச் சொல்வது வேறு. அதைத் தாராளமாகச் சொல்லலாம். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை முழுதாகப் படித்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: கோளாறை அவர்கள் கண்முன் வரவழையுங்கள்

செட்டிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. சில கம்பெனிகளுக்குப் பெரிய ஒர்க்‌ஷாப் மதுரையிலோ திருச்சியிலோதான். இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நான் விடியற்காலை கிளம்பி 9 மணிக்குப் போய்விடுவேன். வண்டி சூடாகத்தான் போகும். ஆனால் வரிசையில் நின்று 2 மணிக்கு உள்ளே எடுப்பதற்குள் தண்ணீர்போல் ஆறிவிடும். நான்கு முறையும் இதுதான் நடந்தது.

ஐந்தாவது முறை முதல் நாளே போன் செய்து சர்வீஸ் மேனேஜரிடம் பேசினேன். "12 மணிக்கு வர்றேன். வந்ததும் ஸ்கேனரோட ஒரு ஆள் என்கூட வண்டியில ஏறணும்" என்றேன். முதலில் தயங்கினார். வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பியதும் ஒப்புக்கொண்டார். போனதும் டெக்னீஷியன் தம்பி ஏறினார். பைபாஸில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஆளுக்கொரு டீ குடித்து, 20 நிமிடம் கழித்து எடுத்தோம். இரண்டாவது கிலோமீட்டரில் அணைந்தது. செல்ஃப் அடிக்கச் சொல்லி ஸ்கேனரைப் பார்த்தார், ஆர்பிஎம் பூஜ்யம். "அண்ணே, சிக்கிருச்சு!" என்றார். வண்டி நடுவழியில் நின்றதற்கு அன்றுதான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். வாரண்டியில் இருந்ததால் சென்சாருக்குக் காசு இல்லை. முன்பே மாற்றிய பிளக்குக்கும் பேட்டரிக்கும் கொடுத்தது கொடுத்ததுதான்.

படி 6: வண்டியைத் திரும்ப வாங்கும்போது

எதை மாற்றினார்கள் என்பது பில்லில் பாகத்தின் எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து மாற்றியதென்றால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் அது கம்பெனிக்குப் போகும், போட்டோ மட்டும் எடுக்கலாம். புதிய பாகத்துக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள். நோட்டை மூடிவிடாதீர்கள், அதே மாதிரியான மூன்று நான்கு பயணம் கோளாறில்லாமல் போனால்தான் தீர்ந்ததென்று கணக்கு.

இடையில் ஒன்று. பெரிய வீட்டு முகப்பில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கு வந்து எடுத்தால் பேட்டரி இறங்கியிருக்கும். புது பேட்டரி போடுவார்கள், அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு) வரும்போது அதுவும் இறங்கியிருக்கும். நல்ல 12 வோல்ட் பேட்டரி, வண்டி அணைந்த நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி நிறுத்தியது இரண்டே நாளில் 12.2க்குப் போனால், டேஷ்கேமராவோ வெளியே மாட்டிய விளக்கோ கரண்டை இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலி கடித்த வயரையும் பார்த்துவிடுங்கள். எலிக்கு வாரண்டி கிடையாது.

படி 7: மேலே எழுதுவது

மூன்று முறை போயும் தீரவில்லை என்றால் அட்வைசரிடம் சண்டை போடுவதில் பயனில்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. சர்வீஸ் மேனேஜர், அடுத்து டீலரின் ஜெனரல் மேனேஜர், அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை என்று மின்னஞ்சலில் போங்கள். போனில் பேசினாலும் புகார் எண் வாங்குங்கள். 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இதையெல்லாம் வாரண்டி முடிவதற்குள் செய்வது முக்கியம். வாரண்டிக் காலத்திலேயே பதிவான கோளாறு என்றால், பிறகு பேசும்போது உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

படி 8: நுகர்வோர் ஆணையம்

முதலில் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே புகார் செய்ய வக்கீலோ கட்டணமோ வேண்டாம். அதிலும் நகரவில்லை என்றால் டீலர், கம்பெனி இருவருக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டீலர் மதுரையில் இருந்தாலும், காரைக்குடிக்காரர் சிவகங்கை மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். ராயவரம், அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய்.

புது வண்டியே கிடைத்துவிடும் என்ற நினைப்பில் போகாதீர்கள். அமெரிக்காவில் இருப்பதுபோல, இத்தனை முறை பழுதானால் வண்டியைத் திருப்பி எடுத்தாக வேண்டும் என்ற தனிச் சட்டம் இங்கே இல்லை. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும், அதற்கு நிபுணர் அறிக்கை தேவைப்படும். பழுதை இலவசமாகச் சரிசெய்து தருவது, அலைச்சலுக்கு இழப்பீடு, இவற்றைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஜாப் கார்டு நகல்கள், பில்கள், மின்னஞ்சல்கள், ஸ்க்ரீன்ஷாட், நோட்டின் பக்கங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் போட்டு, டீலருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று கூடுதல் செட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.