சவ்வுக் கடத்திகள்: எல்லாவற்றுக்கும் ஏ.டி.பி. என்று எழுதாதீர்கள்

பினாங்கில் எஸ்.டி.பி.எம். (மலேசியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) உயிரியல் எடுத்த பிள்ளைகளின் விடைத்தாள்களில் அதிகமாகச் சிவப்பு மை வாங்குவது இந்த வரிதான்: "செறிவுக்கு எதிராகக் கடத்த ஏ.டி.பி. வேண்டும்." கடத்திகள் என்பவை பொருள்களைச் செல்லின் சவ்வு வழியே கொண்டுசெல்லும் புரதங்கள். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குக் கொண்டுபோக ஆற்றல் வேண்டும், சரி. அது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இ.கோலை பாக்டீரியாவுக்குள் லாக்டோஸ் சர்க்கரையைக் கொண்டுவரும் கடத்தியான லாக்டோஸ் பெர்மியேஸ் ஏ.டி.பி.யைத் தொடுவதே இல்லை. சுவாசத்தின்போது எலக்ட்ரான்களைக் கைமாற்றும் சவ்வுப் புரதங்களின் வரிசையான சுவாசச் சங்கிலி, புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும்போது, ஒரு புரோட்டானோடு ஒரு லாக்டோஸும் சேர்ந்து உள்ளே நுழைகிறது. புரோட்டான்களைச் சவ்வு வழியே கசியவிடும் டி.என்.பி. (டைநைட்ரோபீனால்) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் லாக்டோஸ் உள்ளே குவிவது நின்றுவிடும். சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான புரோட்டான் வேறுபாடே ஆற்றலாகப் பயன்படும் என்ற, இதற்கெல்லாம் அடிப்படையான கருத்தை பீட்டர் மிட்செல் 1961இல் வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

அதே இ.கோலைக்குள் மால்டோஸ் சர்க்கரை வருவது ஏ.பி.சி. என்ற வகைக் கடத்தி வழியாக; அங்கே ஏ.டி.பி. செலவாகிறது. ஆகவே கேள்வியில் எந்தச் சர்க்கரை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். குளுக்கோஸ் கதை வேறு. செல்லுக்குள் இருக்கும் பாஸ்போஈனால்பைருவேட் என்ற மூலக்கூறிலிருந்து கைமாறி வரும் பாஸ்பேட்டை ஏற்று, நுழையும்போதே குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஆகிவிடும். 'உள்ளே குளுக்கோஸ் செறிவு கூடுகிறது' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு.

இ.கோலைக்கு உள்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு உண்டு. படம் வரையும்போது போரின் என்ற துளைப் புரதத்தை உள்சவ்வில் வைக்காதீர்கள். அதன் இடம் வெளிச்சவ்வு. சிறு மூலக்கூறுகள் ஆற்றல் செலவில்லாமல் கடந்துபோகும் துளை அது, அவ்வளவுதான்.

கடத்தி எந்தப் புரதக் குடும்பம் என்பதை வைத்து, அது கடத்தும் திசையை ஊகிப்பதும் ஆபத்து. லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் பெர்மியேஸும், டெட்ராசைக்ளின் மருந்தை வெளியே துப்பும் டெட்-ஏ புரதமும் எம்.எஃப்.எஸ். என்ற ஒரே கடத்திக் குடும்பம். இரண்டுக்கும் ஆற்றல் தருவது உள்ளே வரும் புரோட்டான்தான்.

பாக்டீரியா போலவே ஒரு செல் உயிர்களானாலும் தனிப் பிரிவான ஆர்க்கியாவை பாக்டீரியாவின் நகலாக நினைத்து எழுதுவோரும் நிறைய. ஹேலோபாக்டீரியம் சலினாரம் உப்பளங்களில் வாழும் ஆர்க்கியா. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் சவ்விலுள்ள பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம், வெளிச்சத்தைக் கொண்டே புரோட்டானை வெளியே தள்ளும். இதைப் படித்ததும் ஏ.டி.பி.யை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் புரோட்டான் என்று எழுதும் கூட்டம் ஒன்று கிளம்பும். அதுவும் தவறு. அந்த ஆர்க்கியா, உள்ளே வரும் புரோட்டானுக்கு மாற்றாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது. அப்புறம் அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றை, திரும்பி வரும் சோடியத்தோடு சேர்த்துத்தான் உள்ளே இழுக்கிறது.