நாலு போர்ட்டை ஒன்றாகக் கட்டும்போது

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே நாலு போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே லிங்காக (போர்ட் சேனல் என்போம்) ஆக்கிக்கொண்டிருந்தான். "எல்ஏசிபி ஒத்து வரல சார், மோடு ஆன் போட்டேன், உடனே வந்துடுச்சு" என்றான் சந்தோஷமாக. எல்ஏசிபி என்பது இந்தச் சேர்க்கையை இரண்டு சுவிட்சுகளும் தமக்குள் பேசி முடிவு செய்யும் முறை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடம் முன்பு இதே சந்தோஷத்தோடு நானும் நின்றிருக்கிறேன். போர்ட் எண் மாறுவது, ஸ்பீடு பொருந்தாதது போன்ற தப்புகள் எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அதை விடுங்கள். சத்தமில்லாமல் கெடுப்பவை இவை.

மோடு ஆன்

ஆன் என்றால் எதிர்ப்பக்கத்தோடு எந்தப் பேச்சும் இல்லை. போர்ட்டில் லிங்க் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் இன்னும் தனித்தனி போர்ட்டாக இருந்தால் லூப் (பாக்கெட் சுற்றிச் சுற்றி வருவது) வரக்கூட வாய்ப்புண்டு.

எனக்கு வந்தது லூப் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நாலு லிங்க், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளாக மாற்றும் பெட்டி). ஒரு நாள் மூன்றாவது ஃபைபர் அறுந்தது. ஆனால் கன்வெர்ட்டரிலிருந்து சுவிட்சுக்கு வரும் செப்புக் கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது? சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சும் தன் பங்குக்கு அந்த வழியில் பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருந்தது, கிணற்றில் போடுவது போல.

எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போகும் என்பதை அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளை வைத்து ஒரு ஹேஷ் கணக்குதான் முடிவு செய்யும். அதனால் அக்கவுண்ட்ஸ் அம்மாவுக்கு ஃபைல் சர்வர் வரும், பிரிண்டர் வராது. பக்கத்து சீட்டுக்காரருக்கு நேர்மாறு. என் லேப்டாப்பிலிருந்து பிங் அடித்தால் எல்லாமே சரி! சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், நெட்வொர்க் கார்டை மாற்றினேன், டிஎன்எஸ்ஸைத் திட்டினேன். சுவிட்சில் 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' அடித்தால் நாலு போர்ட்டுக்கும் பக்கத்தில் சமர்த்தாக 'பி' (சேர்ந்திருக்கிறது) என்று காட்டியது. இரண்டு ராத்திரி போனது. கடைசியில் ஒவ்வொரு போர்ட்டாக ஷட் செய்து பார்த்தேன். மூன்றாவதை அணைத்ததும் எல்லோருக்கும் எல்லாம் வந்தது.

எல்ஏசிபி இருந்திருந்தால் ஸ்லோ டைமரில் 30 விநாடிக்கு ஒரு செய்தி போயிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து 90 விநாடி எதுவும் வராவிட்டால் அந்த போர்ட்டைத் தானே கழற்றிவிட்டிருக்கும். ஃபாஸ்ட் டைமர் என்றால் 3 விநாடியிலேயே கழற்றிவிடும். அதே சம்மரியில் புரோட்டோகால் என்ற இடத்தில் வெறும் கோடு இருந்தால் அது ஆன் மோடு. எல்ஏசிபி சேரவில்லை என்றால் ஏதோ தப்பு இருக்கிறது என்று அது சொல்கிறது. அதன் வாயை அடைக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் பாசிவ்

மாப்பிள்ளை வீடு பேசட்டும் என்று பெண் வீடும், பெண் வீடு பேசட்டும் என்று மாப்பிள்ளை வீடும். ஒரு பக்கமாவது ஆக்டிவ், அதாவது தானே பேச்சைத் தொடங்கும் எல்ஏசிபி மோடு, வேண்டும்.

நாலு ஜிகாபிட் கணக்கு

ஒரு ஜிகாபிட் போர்ட் நாலைச் சேர்த்தாலும் ஒரே ஃபைல் காப்பி ஒரே கேபிளில்தான் போகும். ஒரு ஜிகாபிட்டுக்கு மேல் வராது. பல பேர் பல இடத்துக்குப் போகும்போதுதான் லாபம்.

விலான் மாற்றம்

விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது) அமைப்பைப் போர்ட் சேனலில் மட்டும் மாற்றுங்கள், தனி போர்ட்டில் அல்ல.

தனித்தனி இரண்டு சுவிட்சுகளில் ஒரே பண்டில்

ஸ்டாக்கோ எம்லாக்கோ (இரண்டு சுவிட்சை ஒன்றுபோல் காட்டும் ஏற்பாடுகள்) இல்லாமல் கூடாது.

ஆன் மட்டுமே இருக்கும் இடம்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் இஎஸ்எக்ஸ்ஐயின் ஸ்டாண்டர்ட் விசுவிட்சுக்கு (அதற்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்) எல்ஏசிபி தெரியாது. அங்கே ஐபி ஹேஷோடு ஆன்தான். சரி, போடுங்கள். ஆனால் சர்வருக்கும் சுவிட்சுக்கும் நேர் கேபிள். நடுவில் கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம்.