'ஹராகிரி' படத்தை அலசுவது எப்படி?

சாமுராய் படம் என்றாலே வாள் சண்டை எப்போது வரும் என்று காத்திருப்போம். மசாகி கோபயாஷி 1962இல் எடுத்த 'ஹராகிரி'யில் அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். அதுவரை ஒரு மனிதர் முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறார், சுற்றி இருப்பவர்கள் கேட்கிறார்கள். அதனால் இந்தப் படத்தை அலச உட்கார்ந்தால், இப்போது கதையைச் சொல்வது யார் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். (முடிவு வரை சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

1630ஆம் ஆண்டு, எடோ நகரம் (இன்றைய டோக்கியோ). எஜமானை இழந்து பட்டினி கிடக்கும் சாமுராய் ஹன்ஷிரோ, இயி என்ற பிரபு குலத்தின் மாளிகைக்கு வந்து, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக (அதுதான் ஹராகிரி) முற்றத்தில் இடம் கேட்கிறார். இப்படி வருபவர்கள் காசுக்காக நாடகம் போடுகிறார்கள் என்று நினைக்கும் நிர்வாகி சைட்டோ, முன்பு இதே போல வந்த மொடோமே என்ற இளைஞனின் கதையைச் சொல்லி மிரட்டுகிறார்.

முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, சைட்டோ சொன்னதை ஒரு பக்கமும் ஹன்ஷிரோ சொல்வதை மறுபக்கமும் எழுதுங்கள். சைட்டோவின் வாயில் மொடோமே ஒரு ஏமாற்றுக்காரன், இடுப்பில் மூங்கில் வாள் செருகிக்கொண்டு வந்த மானங்கெட்டவன். அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள அவனைக் கட்டாயப்படுத்துகிறார்கள், நமக்கும் பதறுகிறதே தவிர அவன் மேல் பெரிய மரியாதை வருவதில்லை. பிறகு ஹன்ஷிரோ பேசும்போதுதான் மொடோமே அவருடைய மருமகன் என்பதும், நோயாளி மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் நிஜ வாளை அவன் விற்றிருந்ததும் தெரிகிறது. கொஞ்ச நேரம் நாமும் இயி குலத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பது உறைக்கிறது பாருங்கள், ஷினோபு ஹஷிமோட்டோவின் திரைக்கதை சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இடம். அகலமான கருப்பு வெள்ளைச் சட்டகத்தில் தூண்கள், கதவுகள், வரிசையாக உட்கார்ந்த ஆட்கள், எல்லாமே அளந்து வைத்தது போல நேர்கோட்டில் நிற்கும். ஹன்ஷிரோவின் கதை முன்னேற முன்னேற அந்த ஒழுங்கு எங்கெல்லாம் குலைகிறது, கேமரா எப்போது சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு ஒரு தடவை தனியாகவே பார்க்கலாம்: டோரு டகேமிட்சுவின் இசையில் பிவா என்ற நரம்பு வாத்தியம் அடி விழுந்தது போலத் தெறித்துவிட்டு நின்றுவிடும், பின்னால் வரும் அமைதி அதைவிடப் பதற வைக்கும்.

படம் தொடங்குவதும் முடிவதும் குலத்தின் பதிவேட்டில். ஹன்ஷிரோவின் வாளுக்குப் பலியானவர்கள் நோயால் இறந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள், அவர் தூக்கி உடைத்த மூதாதையின் கவசமும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர் கோபயாஷி. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவருடைய கோபம் 17ஆம் நூற்றாண்டோடு நிற்கவில்லை என்பது புரியும்.

1963இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கிய படம்தான், அதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. மொடோமே குடும்பத்தின் வறுமையைக் காட்டும் பகுதி எனக்குக் கொஞ்சம் இழுவையாகத்தான் பட்டது, மற்ற இடங்களில் இருக்கும் கட்டுப்பாடு அங்கே தளர்ந்து அழ வைத்தே தீருவேன் என்று நிற்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால், ஏன் தோன்றவில்லை என்று காட்சியைச் சுட்டி எழுதுங்கள்.